கோப்பையை வென்ற அணி எங்கே?

சேலம், நாமக்கல் பக்கம் ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டால் மைதானமெல்லாம் கிரிக்கெட்தான். சின்னப்பம்பட்டி நடராஜன் இந்திய அணிக்கு ஆடிய பிறகு கேட்கவே வேண்டாம்!

ஆனாலும் ஊருக்கு ஊர் நாலைந்து கால்பந்துப் பிரியர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள். டீக்கடை பெஞ்சில் அவர்கள் உட்கார்ந்துவிட்டால் பொழுது போவதே தெரியாது. எந்த அணி யாரைக் கவிழ்த்தது? எந்தப் பயிற்சியாளர் எங்கே போனார்? எல்லாம் விரல் நுனியில் இருக்கும்!

திருச்செங்கோட்டு ரிக் வண்டிகளும் நாமக்கல் லாரிகளும் போகாத ஊர் இல்லை. வண்டியோடு வங்காளத்துக்குப் போய் வந்தவர் ஒருவர் இருந்தால் போதும். கல்கத்தாக்காரர்களின் கால்பந்து வெறியைக் கதை கதையாகச் சொல்லுவார்.

"அங்கே அப்படி ஆடறாங்க. நம்ம பக்கம் ஒரு கோப்பை உண்டாங்கண்ணா?" என்று இளைஞர் ஒருவர் கேட்பார்.

உண்டு. இந்தியாவின் பெரிய லீக் கோப்பை ஒன்று பக்கத்துக் கோயமுத்தூருக்கே வந்தது. சேலத்தில் ரெயில் ஏறினால் மூன்று மணி நேரத்தில் போய்விடக் கூடிய மைதானத்தில்தான் அந்த அதிசயம் நடந்தது!

எட்டாவது இடத்தில் இருந்த அணி

அணியின் பெயர் சென்னை சிட்டி. பெயரில்தான் சென்னை. உள்ளூர் ஆட்டங்களை ஆடியதோ கோவை நேரு ஸ்டேடியத்தில்.

2017-18-ம் ஆண்டு ஐ-லீக் போட்டியில் 10 அணிகள் ஆடின. சென்னை சிட்டிக்குக் கிடைத்தது 8-வது இடம். "இந்த அணி எங்கே உருப்படப் போகிறது?" என்று பலர் எண்ணினார்கள்.

அடுத்த ஆண்டு சிங்கப்பூரில் இருந்து புதிய பயிற்சியாளர் வந்தார். அவர் பெயர் அக்பர் நவாஸ். ஸ்பெயின் நாட்டில் சின்னச் சின்ன அணிகளில் ஆடி வந்த வீரர்கள் வந்தார்கள். ரொமாரியோ ஏசுராஜ், அஜித்குமார், எட்வின் வான்ஸ்பால் முதலிய தமிழ்நாட்டு வீரர்கள் அவர்களோடு கைகோர்த்தார்கள்.

பந்தை உயரத் தூக்கி அடித்துவிட்டு ஓடுவது அவர்கள் வழக்கம் அல்ல. ஒருவர் காலில் இருந்து இன்னொருவர் காலுக்குத் தரையோடு தட்டித் தட்டிக் கொண்டு போவார்கள். பெட்ரோ மான்சி என்ற வீரர் மட்டும் 21 கோல் போட்டார்! அணி மொத்தம் 48 கோல் அடித்தது.

ஒரே ஒரு புள்ளி!

ஐ-லீக்கில் வெற்றிக்கு 3 புள்ளி. சமநிலைக்கு 1 புள்ளி. கடைசி ஆட்டம் 2019-ம் ஆண்டு மார்ச் 9-ந் தேதி நடந்தது. அன்று காலை சென்னை சிட்டியிடம் 40 புள்ளிகள் இருந்தன. பின்னாலேயே 39 புள்ளிகளுடன் கல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால் துரத்தி வந்தது. அது 1920-ல் பிறந்த பழம்பெரும் அணி. லட்சக்கணக்கான ரசிகர்களைக் கொண்டது.

இரண்டு ஆட்டங்கள் ஒரே நேரத்தில் தொடங்கின. கோவையில் சென்னை சிட்டியும், முந்திய ஆண்டு சாம்பியனான மினர்வா பஞ்சாபும் மோதின. கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்காலும் கோகுலம் கேரளாவும் மோதின.

ஆட்டம் தொடங்கி மூன்றாவது நிமிடம். மினர்வா கோல் போட்டுவிட்டது! கோவை மைதானம் அடங்கிப் போனது. இடைவேளை வரை பதில் கோல் விழவில்லை.

இரண்டாவது பாதியில் நிலைமை மாறியது. மான்சி பெனால்டியில் கோல் போட்டுச் சமன் செய்தார். பிறகு கவுரவ் போரா ஒரு கோல் அடித்தார். ஆட்டம் முடியும் தறுவாயில் அவரே இன்னொன்றும் அடித்தார். 3-1!

கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்காலும் 2-1 என்று வென்றுவிட்டது. ஆனால் என்ன பயன்? அதற்கு 42 புள்ளி. சென்னை சிட்டிக்கு 43. ஒரே ஒரு புள்ளியில் கோப்பை தமிழ்நாட்டுக்கு வந்தது!

பயிற்சியாளர் நாற்காலி

"ஆடுவது பதினொரு பேர், அப்படியிருக்கப் பயிற்சியாளருக்கு ஏன் இவ்வளவு பேச்சு?" என்று பெண்கள் வீட்டில் கேட்பது உண்டு. யாரை ஆடவிடுவது, யாரை உட்கார வைப்பது, எப்படித் தாக்குவது என்பதெல்லாம் அவர் முடிவு. ஜெயித்தால் மாலை. தோற்றால் வெளியே போகும் வழி!

இங்கிலாந்தில் லெஸ்டர் சிட்டி என்ற எளிய அணி 2016-ல் சாம்பியன் ஆனது. உலகமே வியந்தது. அதைச் சாதித்த பயிற்சியாளர் ரனியேரியை அடுத்த பிப்ரவரியிலேயே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்!

மிசோரத்தின் ஐசால் அணியை 2017-ல் ஐ-லீக் சாம்பியன் ஆக்கியவர் காலித் ஜமீல். அவரும் அடுத்த பருவத்தில் ஈஸ்ட் பெங்காலுக்குப் போனார். ஊர் ஊராகப் போன அவரே 2025-ல் இந்திய அணிக்குப் பயிற்சியாளர் ஆனார்.

எங்கே போனது?

சென்னை சிட்டி கதைக்கு வருவோம். கோல் மன்னன் மான்சி 2020-ல் ஜப்பானுக்குப் போனார். அக்பர் நவாசும் விலகினார். தமிழ்நாட்டு வீரர்களைப் பெரிய அணிகள் அழைத்துக் கொண்டன. அதே ஆண்டு கொரோனா வந்து மைதானங்களைப் பூட்டியது. 2020-21 லீக் முழுவதும் வங்காளத்திலேயே, ரசிகர்கள் இல்லாமல் நடந்தது. கோவை மக்கள் தங்கள் அணியை நேரில் பார்க்க முடியவில்லை.

2021-22 லீக் பட்டியல் வந்தது. அதில் சென்னை சிட்டியின் பெயரே இல்லை! கோப்பை வாங்கி மூன்று ஆண்டுகூட ஆகவில்லை.

இன்னொரு சங்கடமும் இருந்தது. 2019-ல் இந்தியன் சூப்பர் லீக் நாட்டின் முதல் நிலைப் போட்டியாக அறிவிக்கப்பட்டது. ஐ-லீக் இரண்டாம் நிலைக்கு இறங்கியது. ஐ-லீக்கில் முதலாவதாக வந்தாலும் மேலே ஏற ஏணி இல்லை. 2022-23-ல்தான் அந்த ஏணி போடப்பட்டது. பஞ்சாப் அணி முதன் முதலில் ஏறிப் போனது. பரீட்சையில் முதல் மார்க் வாங்கியும் அடுத்த வகுப்புக்கு அனுப்பாவிட்டால் பிள்ளை என்ன செய்யும்? படிக்க வைக்கும் தகப்பன்தான் எத்தனை காலம் செலவு செய்வான்?

பெயருக்காகப் போராடியவர்கள்

ரிக் வண்டிக்காரர் சொல்லும் கல்கத்தா கதை இங்கேதான் பொருந்தும்.

மோகன் பகான் 1889-ல் பிறந்த அணி. 1911-ம் ஆண்டு ஜூலை 29-ந் தேதி கிழக்கு யார்க்ஷயர் என்ற வெள்ளைக்காரப் பட்டாள அணியை 2-1 என்று தோற்கடித்துக் கேடயம் வென்றது. வெள்ளைக்காரர்கள் பூட்ஸ் அணிந்து ஆடினார்கள். நம்மவர்களில் ஒருவரைத் தவிர மற்ற எல்லோரும் வெறுங்கால்! தேசமே தலை நிமிர்ந்தது.

அந்த அணிக்கும் 2020-ல் ஒரு சோதனை வந்தது. வேறு அணியோடு சேர்ந்ததால் அதன் பெயருக்கு முன்னால் "ஏ.டி.கே." என்ற எழுத்துகள் ஒட்டிக் கொண்டன. ரசிகர்கள் பொறுக்கவில்லை. அந்த எழுத்துகளை நீக்கச் சொல்லிப் போராடினார்கள். 2023-ல் அந்த எழுத்துகள் நீங்கின. மோகன் பகான் என்ற பெயர் மீண்டும் முன்னால் வந்தது.

மூன்று எழுத்துகளுக்காக ஓர் ஊர் மூன்று ஆண்டு போராடியது. இங்கோ அணியே மறைந்தது. அது மறைந்த சேதிகூடப் பலருக்குத் தெரியாது.

வீரர்கள் வருவார்கள், போவார்கள். பயிற்சியாளரும் அப்படித்தான். முதலாளிகூட மாறலாம். மாறாமல் நிற்க வேண்டியவர்கள் ஊர் மக்கள்தான். தாத்தா கைபிடித்துப் பேரன் மைதானத்துக்குப் போகும் ஊரில் அணி சீக்கிரம் சாவதில்லை. கோவையில் அந்த வழக்கம் வேர் பிடிக்கவே நேரம் கிடைக்கவில்லை.

டீக்கடையில் கிளாஸ் காலியாகிறது. "அப்போ நாம ஜெயிச்சது வீணாங்கண்ணா?" என்று இளைஞர் கேட்பார்.

"வீணில்லே தம்பி. நம்ம பசங்களாலே முடியும்னு தெரிஞ்சு போச்சில்லே? அடுத்த தடவை ஒரு அணி வந்தா, டிக்கெட் வாங்கிட்டு நாமளும் போகோணும்."

பெரியவர் காசைக் கொடுத்துவிட்டு எழுந்திருப்பார்.