நம் வாசலைக் காக்கும் கேமராவும் அடுத்த வீட்டாரின் மறைவும்

சில மாதங்களுக்கு முன் நம் சங்க அலுவலகத்திற்கு ஒரு வழக்கு வந்தது. காவல் நிலையத்திற்குப் போயிருக்க வேண்டியது, நல்ல வேளையாக நம்மிடம் வந்தது. இரு தரப்பாரும் நம் உறுப்பினர்கள். ஒருவர் மளிகை மொத்த வியாபாரம் செய்பவர், மற்றவர் பக்கத்திலேயே சில்லரைக் கடை வைத்திருப்பவர். இருவருக்கும் கீழே கடை, பின்கட்டில் வீடு. முப்பது வருடப் பழக்கம். ஒருவர் கல்லாவில் சில்லரை தீர்ந்தால் மற்றவர் கல்லாவிலிருந்து எடுத்துக்கொள்வார்கள். அப்படிப்பட்டவர்கள் இரண்டு வாரமாக முகம் கொடுத்துப் பேசவில்லை.

நடந்தது இதுதான். மொத்த வியாபாரியின் வீட்டுக் கொல்லையில் இறக்கி வைத்திருந்த எண்ணெய் டின்கள் ஓர் இரவில் களவு போயின. மறு வாரமே அவர் மாடிச் சுவரில் நான்கு கேமராக்கள் பொருத்தினார். பொருத்த வந்த பையன், 'இது நல்லா விரிவா எடுக்கும்' என்று கொல்லைப்பக்கத்துக் கேமராவை அகலமாகத் திருப்பி வைத்துவிட்டுப் போய்விட்டான். அந்தப் பார்வைக்குள் அடுத்த வீட்டுக் கிணற்றடியும், அதையொட்டி மேற்கூரை இல்லாமல் மூன்று பக்கம் தகரம் அடித்த குளியல் மறைப்பும் விழுந்தன. இருட்டில் மங்கலாகச் சிவந்து தெரியும் கேமராவின் விளக்குகளை ஒருநாள் அதிகாலையில் அந்த வீட்டு மருமகள் அண்ணாந்து பார்த்தபோதுதான் விஷயம் வெளிவந்தது.

"அண்ணாச்சி வேணும்னு வச்சிருப்பாருன்னு நான் சொல்லலை. ஆனா வீட்டுப் பொம்பளைங்க கிணத்தடிக்குப் போகப் பயப்படுறாங்க. நான் யார்கிட்ட போய்ச் சொல்றது?" என்று சில்லரைக் கடைக்காரர் நம்மிடம் கேட்டார். மொத்த வியாபாரியை அழைத்து விசாரித்தோம். அவர் தன் செல்போனில் நான்கு கட்டங்களையும் தினமும் பார்த்து வந்தவர்தான். ஆனால் அவர் கண் தன் டின்களின் மேலேயே இருந்ததால், படத்தின் இடது ஓரத்தில் என்ன தெரிகிறது என்று ஒருநாளும் கவனித்ததில்லை. பார்த்ததும் முகம் வெளுத்துவிட்டது.

இந்தத் தவறு யார் வீட்டிலும் நடக்கக்கூடும். ஆகவே வீட்டுக் கேமரா விஷயத்தில் சட்டம் என்ன சொல்கிறது, நாம் என்ன செய்ய வேண்டும் என்பதை உறுப்பினர்களுக்கு எடுத்துச் சொல்வது நம் கடமை எனக் கருதுகிறோம்.

சட்டம் சொல்வது என்ன?

நம் வீட்டில், நம் பாதுகாப்புக்காகக் கேமரா வைப்பதற்குத் தடை ஏதும் இல்லை. இதை முதலில் தெளிவாக்கிக்கொள்வோம். காவல் துறையே கடைக்காரர்களைக் கேமரா வைக்கும்படி கேட்டுக்கொண்டு வருகிறது. கேள்வி, அது எதைப் பார்க்கிறது என்பதில்தான் எழுகிறது.

2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அடங்கிய அமர்வு, அந்தரங்கம் அரசியல் சட்டத்தின் 21-ஆவது பிரிவில் அடங்கிய அடிப்படை உரிமை என ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. அதன் பிறகு, 'என் சுவர், என் கேமரா, எவன் கேட்பது?' என்ற பேச்சு எடுபடாது.

குற்றவியல் சட்டத்திலும் இடம் உண்டு. பெண் ஒருவர் பிறர் பார்க்க மாட்டார்கள் என்று நம்பி இருக்கும் இடத்தில், குளிப்பது, உடை மாற்றுவது போன்ற நிலையில் அவரைப் பார்ப்பதும் படம் எடுப்பதும் 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 77-ஆவது பிரிவின்படி குற்றம். முதல் முறைக்கு ஓராண்டுக்குக் குறையாமல் மூன்றாண்டு வரை சிறை, அபராதமும் உண்டு. மறுமுறை என்றால் மூன்று முதல் ஏழாண்டு. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66-இ பிரிவோ, ஆண், பெண் எவராயினும் அவரது உடலின் அந்தரங்கப் பகுதியைச் சம்மதமின்றித் தெரிந்தே படம் எடுத்தால் அல்லது பரப்பினால் மூன்றாண்டு வரை சிறை, இரண்டு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும் என்கிறது.

நம் மொத்த வியாபாரி தெரிந்து செய்யவில்லை. ஆனால் தெரிந்த பின்னும் கேமராவைத் திருப்பாமல் இருந்திருந்தால், 'தெரியாது' என்ற சொல்லுக்குப் பிறகு மதிப்பு இருக்காது.

வீட்டுக்கு ஒரு கணக்கு, கடைக்கு ஒரு கணக்கு

2023-இல் நாடாளுமன்றம் எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. அதற்கான விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. முக்கியக் கடமைகளுக்கு அந்த விதிகள் 18 மாத அவகாசம் தந்துள்ளன. ஒரு தனிமனிதர் தம் சொந்த, குடும்ப உபயோகத்திற்காக வைத்திருக்கும் தரவுக்கு இச்சட்டம் பொருந்தாது. ஆகவே வீட்டு வாசல் கேமராவுக்கு இதனால் பயமில்லை. ஆனால் நம்மில் பலருக்கு முன்பக்கம் கடை, பின்பக்கம் வீடு, இரண்டுக்கும் ஒரே டி.வி.ஆர். பெட்டி. கடைக்கு வரும் வாடிக்கையாளரையும் கடைப் பையன்களையும் பதிவு செய்யும் கேமராவைக் குடும்ப உபயோகம் என்று சொல்லித் தப்ப முடியாது. தரவைப் பாதுகாக்கத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை தண்டம் விதிக்க இச்சட்டத்தில் இடம் உள்ளது. இது மேல் வரம்புதான், தவறின் தன்மையையும் அளவையும் பொறுத்தே தொகை அமையும். என்றாலும் வீட்டுக் கேமராவையும் கடைக் கேமராவையும் தனித்தனிப் பெட்டியில் வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம். இரண்டு பேரேடுகளை நாம் கலப்பதில்லை அல்லவா?

வெளிநாட்டிலும் இதே எல்லைதான் பிரச்சினை. 2014-இல் ஐரோப்பிய நீதிமன்றம், வீட்டுக் கேமரா தெருவையும் எதிர் வீட்டு வாசலையும் பதிவு செய்தால் அது வெறும் வீட்டு உபயோகம் ஆகாது என்றது. 2021-இல் இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்டு நீதிமன்றம், பக்கத்து வீட்டாரின் பேச்சொலி வரை தொலைவிலிருந்து பிடித்த வாசல் மணிக் கேமராவைச் சட்டமீறல் என்றது. இவை நம்மைக் கட்டுப்படுத்தும் தீர்ப்புகள் அல்ல. ஆனாலும் காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்பதைக் காட்டுகின்றன.

கூட்டுக் குடும்பத்தார் கவனிக்க

அண்ணன் தம்பிகள் ஒரே வீட்டில் பாகம் பிரிந்து வாழ்வது நம் சமூகத்தில் சகஜம். ஒருவர் சரக்கைக் காக்க வைத்த கேமரா மற்றவரின் படுக்கையறை வாசலைப் பார்ப்பதும் நடக்கிறது. கல்கத்தாவில் ஒரே வீட்டில் குடியிருந்த இருவரிடையே இப்படி ஒரு வழக்கு எழுந்தது. குடியிருக்கும் பகுதியின் உள்ளே உடன் வசிப்பவரின் சம்மதமின்றிக் கேமரா இயக்குவது அந்தரங்க உரிமைக்கு எதிரானது எனக் கல்கத்தா உயர் நீதிமன்றம் 2025-இல் கூறியது. உச்ச நீதிமன்றமும் அதே ஆண்டு அதில் தலையிட மறுத்துவிட்டது. மாடியில் வாடகைக்கு விட்டிருப்பவர்களும் இதை மனதில் கொள்ள வேண்டும். படிக்கட்டில் கேமரா வைக்கலாம். குடித்தனக்காரரின் கதவு திறந்தால் உள்ளே தெரியும்படி வைக்கலாகாது.

நாம் செய்ய வேண்டியவை

1. கேமரா பொருத்தி முடித்ததும் பையனை அனுப்பிவிடாமல், ஒவ்வொரு கேமராவின் படத்தையும் மூலை முதல் மூலை வரை பாருங்கள். அடுத்தவரின் சன்னல், கொல்லை, கிணற்றடி, மொட்டை மாடி ஏதேனும் தெரிந்தால் உடனே திருப்பச் சொல்லுங்கள்.

2. திருப்ப முடியாத இடத்தில், படத்தின் அந்தப் பகுதியை மட்டும் கறுப்பாக மறைக்கும் வசதி பெரும்பாலான கருவிகளில் உண்டு. அதைப் போட்டுத் தரும்படி கேளுங்கள். மறைத்த பகுதி பதிவிலும் வராது.

3. ஒலிப்பதிவை நிறுத்திவிடுங்கள். திருடனைப் பிடிக்கப் படம் போதும். அடுத்த வீட்டுப் பேச்சு நமக்கு வேண்டாம்.

4. கழிவறை, குளியலறை, வேலையாட்கள் உடை மாற்றும் இடம் ஆகியவற்றின் பக்கமே கேமரா போகக்கூடாது. 'ஓடவில்லை, பயமுறுத்தத்தான் வைத்தோம்' என்பதும் வேண்டாம்.

5. 'இங்கு கண்காணிப்புக் கேமரா இயங்குகிறது' என்ற பலகையை வாசலிலும் கடையிலும் மாட்டுங்கள். வேலையாட்களிடம் வாய்மொழியாகவும் சொல்லிவிடுங்கள். பலகையைக் கண்டே திருடன் திரும்பிப் போவதும் உண்டு.

6. கடவுச்சொல்லை மாற்றுங்கள். பொருத்துபவர் போட்டுத் தரும் சொல் ஊருக்கே தெரிந்த சொல். குஜராத்தின் ராஜ்கோட்டில் ஒரு மகப்பேறு மருத்துவமனையின் கேமராப் பதிவுகள் 2025-இல் இணையத்தில் விலைபோன செய்தி பலருக்கு நினைவிருக்கும். 'அட்மின்123' என்ற எளிய கடவுச்சொல்லே மாற்றப்படாமல் இருந்தது எனச் செய்திகள் வந்தன. பூட்டை வாங்கிச் சாவியைப் பூட்டிலேயே விட்டுவைத்தது போன்ற கதை அது.

7. புதிதாக வாங்குவோர் விலையை மட்டும் பார்க்க வேண்டாம். 2025 ஏப்ரல் முதல், இணையக் கேமராக்கள் மத்திய அரசு வகுத்த பாதுகாப்புச் சோதனைகளில் தேறியிருக்க வேண்டும் என்ற விதி உள்ளது. முத்திரையில்லா எடைக்கல்லை நாம் வாங்காதது போலவே, பதிவு எண் இல்லாத கேமராவையும் வாங்கக்கூடாது. பில்லையும் பத்திரப்படுத்துங்கள்.

8. வீட்டுப் பதிவை மாதக்கணக்கில் சேர்த்து வைக்க அவசியமில்லை. 15 முதல் 30 நாளில் பழைய பதிவின் மேல் புதியது ஏறும்படி வைத்தால் போதும். களவு நடந்தால் மட்டும் அந்தப் பதிவை உடனே தனியே எடுத்து வையுங்கள்.

வாட்ஸ்அப்பில் போடாதீர்கள்

கடையில் யாரேனும் ஒரு சோப்புக் கட்டியை மறைத்தெடுத்தால் அந்தப் படத்தைத் தெருக் குழுவில் போடும் பழக்கம் பரவி வருகிறது. இது ஆபத்தானது. ஆளை மாற்றிப் போட்டுவிட்டால் அவதூறு வழக்கு வரும். எடுத்தது பள்ளிச் சிறுவன் என்றால் இன்னும் மோசம். சட்டத்துடன் முரண்பட்ட 18 வயதுக்குட்பட்டவரின் அடையாளத்தையும் படத்தையும் வெளியிடுவதை 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டம் 74-ஆவது பிரிவில் தடை செய்கிறது. ஆறு மாதம் வரை சிறை அல்லது இரண்டு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். பத்து ரூபாய்ச் சரக்குக்கு ஒரு பிள்ளையின் எதிர்காலத்தை நாம் விலை பேசலாமா? பெற்றோரை அழைத்துப் பேசினாலே பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

களவுப் பதிவைக் காவல் துறையிடம் மட்டுமே கொடுங்கள். எழுத்து மூலம் கேட்டுப் பெறச் சொல்லி, பெட்டியைக் கொடுத்தால் அத்தாட்சி வாங்கிக்கொள்ளுங்கள். நகலாக எடுத்த பதிவு நீதிமன்றத்தில் செல்ல வேண்டுமானால், பாரதிய சாட்சிய அதினியம் 63-ஆவது பிரிவின்படி உரிய சான்றிதழும் இணைக்கப்பட வேண்டும். கேமராவின் கடிகாரம் சரியான நேரம் காட்டுகிறதா என்று மாதம் ஒருமுறை பாருங்கள். மணி தவறினால் எதிர்த்தரப்பு வழக்கறிஞருக்குத்தான் லாபம்.

முடிவாக

ஆரம்பத்தில் சொன்ன வழக்கு எப்படி முடிந்தது என்று கேட்பீர்கள். நாங்கள் நிர்வாகிகள் இருவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டிற்குச் சென்றோம். மொத்த வியாபாரி சில்லரைக் கடைக்காரரைத் தம் வீட்டுக்குள் அழைத்து, பெட்டியின் முன் உட்கார வைத்தார். இதுவரை பதிவானவை அனைத்தையும் அவர் கண்ணெதிரே அழித்தார். கேமராவைச் சரக்கு அறையின் பக்கம் திருப்பி, மீதி தெரிந்த ஓரத்தைக் கறுப்பாக மறைத்தார். பிறகு, "தம்பி, உங்க வீட்டம்மாவையும் கூட்டிட்டு வந்து ஒரு தடவை பார்க்கச் சொல்லுங்க. அவங்க சரின்னு சொன்னாத்தான் எனக்கு மனசு ஆறும்" என்றார். அவர்கள் வந்து பார்த்தார்கள். மறுநாள் காலை சில்லரைக்கு ஆள் வந்தது.

கேமரா இன்னும் அங்கேதான் இருக்கிறது. டின்களையும் காக்கிறது. இந்த இதழைப் படித்து முடித்ததும் ஒவ்வொரு உறுப்பினரும் தம் வீட்டுக் கேமராவின் படத்தை ஒருமுறை ஓரம் வரை பார்த்துவிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். ஐந்து நிமிட வேலைதான். சரக்கு போனால் மீண்டும் கொள்முதல் செய்துகொள்ளலாம். அண்டை வீட்டாரின் நம்பிக்கை எந்த மண்டியிலும் கிடைக்காது.