சத்தம் போகிறது, வண்டி போகவில்லை!

"கையை முறுக்கினால் கத்துகிறது, நகரத்தான் மாட்டேன் என்கிறது!" என்று தன் ஸ்கூட்டரைக் காட்டினாள் எதிர்வீட்டு மாமி. முதல்நாள் பேத்தியைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு நாற்சந்தியைக் கடக்கும்போது, நடுவீதியில் வண்டி தயங்கிவிட்டதாம். எதிரே லாரி! அவன் பிரேக் போட்டானோ, பிழைத்தார்களோ!

"மாமி, தையல் மிஷினில் வார் தளர்ந்தால் என்ன ஆகும்?"

"சக்கரம் சுற்றும், ஊசி இறங்காது."

அதேதான் இங்கேயும்! 1980-களில் வந்த கைனடிக் ஹோண்டா முதல் இன்றைய பெட்ரோல் வண்டிகள் வரை, கியர் மாற்ற வேண்டாத ஸ்கூட்டர்களில் என்ஜினின் சக்தியைப் பின்பக்கம் கொண்டு போவது ஒரு ரப்பர் பெல்ட். அது தேய்ந்து அகலம் குறைந்தால் வழுக்கும். அந்த அறைக்குள் எண்ணெய் கசிந்தாலும் வழுக்கும். முன்னாலுள்ள சிறு ரோலர்கள் ஒரு பக்கம் தட்டையானால் வேகம் சீராக ஏறாது. புறப்படும்போது வண்டி உதறினால், கிளட்ச் மேல் சந்தேகப்படலாம்.

நோயைப் பிரித்தறிய ஒரு வழி உண்டு. என்ஜின் அலறியும் வேகம் ஏறாவிட்டால், பெட்டியைத் திறந்து பெல்ட்டையும் கிளட்சையும் பார்க்கச் சொல்லுங்கள். என்ஜினே திணறினால், ஏர் பில்டர், ஸ்பார்க் பிளக், பெட்ரோல் வரும் பாதை இவற்றில்தான் கோளாறு இருக்கும்.

மாமியின் வண்டியைத் திறந்தார் மெக்கானிக். பெல்ட்டின் உட்புறமெல்லாம் வெடிப்பு! "எந்த நிமிஷமும் அறுந்திருக்கும், அம்மா" என்றார்.

மறுநாள் மாமி சிரித்துக்கொண்டே வந்தாள். "பெல்ட் மாற்றியாயிற்று. கையோடு தையல் மிஷின் வாரையும் மாற்றிவிட்டேன்!"