வேப்பிலையும் வெள்ளியும்

கரிசல் பூமியில் மழை பொய்த்த ஆண்டிலும் பசுமையாய் நிற்கும் மரம் வேம்பு. அம்மை கண்ட வீட்டின் வாசலில் அதன் கொத்தைச் செருகினர் நம் முன்னோர். குதிருக்குள் தானியத்தைப் பூச்சி அண்டாதிருக்க அதன் இலையை உலர்த்தி இட்டனர். இன்றோ அதே இலையின் சாற்றைக் கொண்டு வெள்ளியை மிக நுண்ணிய துகள்களாக்கி, உணவிலுள்ள தீய பாக்டீரியாக்களை அழிக்கலாம் என அறிவியலார் ஆராய்ந்து வருகின்றனர். 'நானோ வெள்ளி' என்ற பெயர் விளம்பரங்களிலும் இடம்பெறுகிறது. ஆதலின் இதில் மெய் எது, எல்லை எது என்பதைக் குடும்பத்தார் அறிந்திருத்தல் நலம்.

வெள்ளியின் பழம் புகழ்

பாரசீக மன்னன் சைரஸ் போருக்குச் செல்லுகையில், காய்ச்சிய ஆற்றுநீரை வெள்ளிக் கலங்களில் உடன் கொண்டு சென்றான் என்று கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதியுள்ளார். 1880களில் ஜெர்மானிய மருத்துவர் கிரெடே, பிறந்த குழந்தைகளின் கண்களில் வெள்ளி நைட்ரேட் கரைசலைச் சொட்டுவிட்டு, பல குழந்தைகளைக் குருட்டினின்று காத்தார். கிருமிகளுக்கு வெள்ளி பகை என்பது புதுச் செய்தியன்று. அதனைத் துகளாக்கும் முறையே புதிது.

ஒரு மில்லிமீட்டரைப் பத்து இலட்சம் கூறாக்கினால் அதில் ஒரு கூறே நானோமீட்டர். ஒன்று முதல் நூறு நானோமீட்டர் வரை அளவுள்ளவை நானோத் துகள்கள். புனே நகரின் தேசிய வேதியியல் ஆய்வகத்தில் முரளி சாஸ்திரியின் குழுவினர் 2003-இல் ஒருவகைப் பூஞ்சையைக் கொண்டும், 2004-இல் வேப்பிலைச் சாற்றைக் கொண்டும் வெள்ளி நானோத் துகள்களை உண்டாக்கிக் காட்டினர். வெள்ளி நைட்ரேட் கரைசலில் இலைச்சாற்றைக் கலந்தால், இலையிலுள்ள பொருட்கள் கரைந்திருக்கும் வெள்ளியைத் துகளாய்த் திரளச் செய்கின்றன. கரைசல் பழுப்பு நிறம் கொள்கிறது. கடுமையான வேதிப்பொருட்களின் தேவை குறைவதே இம்முறையின் சிறப்பு. எனினும் வெள்ளி நைட்ரேட் தோலையும் கண்ணையும் புண்ணாக்குவது. வீட்டில் செய்து பார்க்கத் தக்கதன்று.

துகள் சிறுக்கச் சிறுக, அதே எடை வெள்ளியின் மேற்பரப்புப் பெருகும். அதினின்று கசியும் வெள்ளி அயனிகள் பாக்டீரியாவின் உறையைச் சிதைத்து, அதன் புரதங்களைப் பற்றிச் செயலிழக்கச் செய்கின்றன.

நீரில் வெற்றி, உணவில் தடை

சென்னை ஐ.ஐ.டி.யின் பேராசிரியர் பிரதீப்பும் அவருடன் உழைத்தவரும், வேதிமுறையில் செய்த வெள்ளித் துகள்களை நுரைப்பஞ்சில் படியவைத்து, மில்லிலிட்டருக்கு ஓர் இலட்சம் ஈ. கோலை கிருமிகள் இருந்த நீரை அதன் வழியே செலுத்தினர். வெளிவந்த நீரில் அக்கிருமி காணப்படவில்லை என 2005-இல் அறிவித்தனர். 2009-இல் டாடா குழுமம் நெல் உமிச் சாம்பலில் வெள்ளித் துகள் பதித்த நீர் வடிகட்டியை வெளியிட்டது.

உணவு நீரைப் போன்றதன்று. ஆய்வுக்கூடத் தட்டில் சால்மோனெல்லாவையும் லிஸ்டீரியாவையும் அடக்கும் வெள்ளி, உப்பும் புரதமும் நிறைந்த கறியிலோ பாலிலோ அவற்றோடு பிணைந்து வலுவிழக்கிறது. ஆகவே உணவில் கலப்பதைவிட, பொதியும் உறைகளில் அதனைப் பதிப்பதிலேயே ஆய்வாளர் பலர் கருத்துச் செலுத்துகின்றனர். அங்கும் கட்டுப்பாடு வேண்டும். நானோ வெள்ளி சேர்த்த உணவுப் பெட்டிகளைப் பதிவு பெறாமல் விற்ற ஒரு நிறுவனத்தை 2014-இல் அமெரிக்க அரசு தடுத்தது.

வெள்ளிக்கு நல்லது தீயது தெரியாது. தயிரையும் இட்லி மாவையும் புளிக்கச் செய்யும் நன்மைக் கிருமிகளையும் அது கொல்ல வல்லது. கிருமிகளும் வெள்ளியை எதிர்க்கக் கற்கும். 1975-இல் அமெரிக்க மருத்துவமனை ஒன்றின் தீக்காயப் பிரிவில், வெள்ளி மருந்துக்கு அடங்காத சால்மோனெல்லா தோன்றியதை மருத்துவர்கள் பதிவு செய்தனர்.

நோய் தீர்க்கும் எனச் சொல்லி விற்கப்படும் வெள்ளிக் கரைசலை எவரும் அருந்த வேண்டாம். நெடுநாள் உட்கொண்டால் தோல் நீலம் பாய்ந்த சாம்பல் நிறமாகும், அது மாறுவதில்லை. நம் நாட்டின் குடிநீர்த் தரம் லிட்டருக்கு 0.1 மில்லிகிராம் வெள்ளிக்கு மேல் ஏற்பதில்லை.

கையிலுள்ள காவல்

2020-இல் புவிசார் குறியீடு பெற்ற கோவில்பட்டிக் கடலைமிட்டாயைப் பாருங்கள். அது பல நாள் இருப்பது வெள்ளியால் அன்று. வறுத்த கடலையிலும் காய்ச்சி இறுகிய பாகிலும் கிருமி வளரப் போதிய ஈரம் இல்லை. ஈரம் புகுந்தாலோ பூஞ்சணம் பிடிக்கும்.

ஈரமுள்ள உணவுக்கு வெப்பமும் நேரமுமே காவல். ஏறத்தாழ 5 முதல் 60 பாகை வெப்பம் வரை கிருமிகள் பெருகும். உகந்த சூழலில் ஈ. கோலை 20 நிமிடத்திற்கு ஒருமுறை இரட்டிக்கும். அக்கணக்கில் ஒரு கிருமி ஆறு மணி நேரத்தில் இரண்டரை இலட்சத்தைக் கடந்துவிடும். நம் கோடை வெயிலோ அதற்குப் பெரிதும் துணை செய்வது.

ஆகையால் திருவிழா அசனத்திற்கு விடியலில் சமைத்து நண்பகல் வரை ஆறவிடும் வழக்கத்தை நம் ஊரார் கைவிடுதல் வேண்டும். பரிமாறும் வரை சோறும் கறியும் ஆவி பறக்க இருக்கட்டும். சமைத்தது வெளியில் இரண்டு மணி நேரத்திற்கு மேல் கிடக்க வேண்டாம். பச்சை இறைச்சி நறுக்கிய பலகையில் காய்கறி நறுக்க வேண்டாம். பரிமாறுவோர் சோப்பிட்டுக் கை கழுவட்டும். வயிற்றுப்போக்கு உள்ளவர் அன்று அடுப்படிக்கு வராதிருக்கட்டும். குழந்தைகளும் முதியோரும் கர்ப்பிணிகளும் அப்பந்தியில் அமர்கின்றனர். நச்சுணவு முதலில் வீழ்த்துவது அவர்களையே.

வேப்பிலை தந்த வெள்ளி நாளை உணவுறைகளில் நமக்குத் துணை வரலாம். ஆய்வாளர்தம் உழைப்பை வாழ்த்துவோம். அதுவரையிலும், அதன் பின்னரும், கொதிக்கும் நீரும் கழுவிய கையும் செய்யும் பணியை வேறொன்றும் செய்துவிடாது.