தேர் வரும் வழியில் மீ கோரிங்

கோலாலம்பூர் துன் எச்.எஸ். லீ சாலையில் 1873ஆம் ஆண்டு தோன்றிய ஸ்ரீ மகா மாரியம்மன் ஆலயத்திலிருந்து தைப்பூசத்தையொட்டிப் புறப்படும் வெள்ளித்தேர், ஏறக்குறைய 15 கிலோமீட்டர் ஊர்ந்து பத்துமலையை வந்தடைகிறது. அந்தப் பத்துமலை செலாயாங் நகராண்மைக் கழக எல்லைக்கு உட்பட்டது என்பதில் எங்கள் வட்டாரத்தாருக்குத் தனிப் பெருமை உண்டு. 1892 முதல் அங்கு நடந்துவரும் தைப்பூசத்தின் மாண்பை எழுதத் தகுந்த பெரியோர் பலர் உளர். அடியேன் எழுத வந்தது தேருக்குப் பின்னால் நடந்து வருவோரின் பசியைப் பற்றி. குறிப்பாக, அப்பசியைத் தணிக்கும் மீ கோரிங்கைப் பற்றி. கோவில் மலரில் மீயா என்று முகம் சுளிக்கும் அன்பர்கள் சற்றே பொறுத்தருள வேண்டும்.

மீ, சீனர் இந்நாட்டுக்குக் கொண்டுவந்த பண்டம். தேர் புறப்படும் ஆலயத்திலிருந்து கூப்பிடு தூரத்தில்தான் பெட்டாலிங் வீதி இருக்கிறது. ஃபூஜியன் மாநிலத்திலிருந்து வந்த ஓங் கிம் லியான் என்பவர் 1927ஆம் ஆண்டு அங்குத் தொடங்கிய ‘கிம் லியான் கீ’ என்னும் கடையே, கோலாலம்பூரின் கரிய ஹொக்கியன் மீக்குத் தாய்வீடு எனப் பேசப்படுகிறது. தடித்த மீயைக் கரி அடுப்பின் பெருந்தீயில், கெட்டியான கறுப்புக் கிச்சாப் ஊற்றிப் பிரட்டுவார்கள். பன்றிக் கொழுப்புச் சேர்வதால் விரதம் காப்போர் அதனை நெருங்குவதற்கில்லை. ஆயினும் தெருவோரத்தில் பிறந்த ஒரு கடை, தலைமுறை தாண்டி நிலைத்திருப்பதை மதிக்கத்தான் வேண்டும்.

அதே மஞ்சள் மீ தமிழ் முஸ்லிம் வியாபாரிகளின் இரும்புச் சட்டிக்கு வந்தபோது மறுபிறவி எடுத்தது. அரைத்த காய்ந்த மிளகாய், தக்காளிச் சாறு, அவித்த உருளைக்கிழங்குத் துண்டு, தவ்ஃபூ, தவ்கே எனும் முளைப்பயறு, சாவிக் கீரை, நறுக்கிய மாவு வடை, முட்டை, கடைசியில் தட்டோரம் பாதி எலுமிச்சை என்று சீனச் சமையலில் காணாத ஒரு கூட்டணி அமைந்தது. மீக்கு மஞ்சள் நிறமும் இழுவையும் கொடுப்பது மாவில் சேரும் காரநீர். மிளகாய்க் காரமன்று, சோடா உப்பு வகையைச் சேர்ந்த காரம். அந்த இழுவை இருப்பதனால்தான் தீயின் மேல் எத்தனை முறை புரட்டினாலும் அது குழைவதில்லை. சட்டி நன்றாகக் காயுமுன் மீயைப் போட்டால் நீர் விட்டுக் கூழாகிவிடும். ஒரு தட்டுக்கு மூன்று நிமிடம்கூட ஆகாது; அந்த மூன்று நிமிடக் கைப்பழக்கத்தைப் பெறுவதற்கோ பல ஆண்டுகள் ஆகும்.

செலாயாங்கில் நான் நெடுநாளாக உண்டுவரும் சாலையோரக் கடை ஒன்று உண்டு. ஆலயக் குழுவில் செயலாளர் பொறுப்பேற்ற புதிதில், தைப்பூச விரத நாளொன்றில், “சைவ மீ ஒன்று, பாய்” என்று கேட்டு வாங்கினேன். பாதித் தட்டு முடிந்த வேளையில் நாவில் ஏதோ நெருடியது. எடுத்துப் பார்த்தால், காய்ந்த இறால்! பெரியவரிடம் காட்டினேன். அவர் முகம் வாடிவிட்டது. “முட்டை போடலையே தம்பி, அதான் சைவம்னு நினைச்சேன். சம்பல்லே எறா இருக்கிறது மறந்து போச்சு” என்றார்.

அவரை நொந்துகொள்ள எனக்கு மனம் வரவில்லை. ‘சைவம்’ என்ற ஒரு சொல்லை நான் ஒரு பொருளிலும் அவர் வேறு பொருளிலும் வைத்திருந்தோம். கேட்க வேண்டியதைக் கேட்காதவன் நான்தான். அன்றிலிருந்து காவடி எடுக்கும் இளைஞர்களிடம் தவறாமல் சொல்லி வருகிறேன். முட்டை வேண்டாம் என்பதோடு நிறுத்தாதீர்கள். சம்பலில் இறாலோ, கணவாயோ, பெலாச்சானோ உண்டா என்று கேளுங்கள். சிப்பிச் சாறு ஊற்றுவார்களா, மீயின் மாவிலேயே முட்டை உண்டா, சட்டியைக் கழுவினார்களா என்பதையும் கேளுங்கள். கேட்பதால் எந்த வியாபாரியும் கோபித்துக்கொண்டதை நான் கண்டதில்லை.

2020 ஏப்ரலில் செலாயாங் மொத்தச் சந்தையைச் சுற்றியுள்ள பகுதிகள் முள்வேலியிட்டு அடைக்கப்பட்டன. மறு ஆண்டுத் தைப்பூசத்தில் தேர் மட்டும் வந்தது. பின்னால் நடக்கப் பக்தர்களுக்கு அனுமதி இல்லை. அப்போது அடுப்பு அணைந்த கடைகள் சில மீண்டும் பற்றவே இல்லை. பிள்ளைகள் படித்து வேலைக்குச் சென்றுவிடுவதால் கரண்டி பிடிக்க ஆளில்லை என்பது நாடெங்கும் கேட்கும் குறை. பினாங்கு மாநில அரசு 2014இல் அறிவித்து, 2016 முதல் அங்காடிகளில் உள்ளூர் உணவை வெளிநாட்டவர் சமைக்கத் தடை விதித்தது. ஆனால் தடை போட்டவுடன் உள்ளூர்ப் பிள்ளை கரண்டியைத் தூக்கிவிடுவானா என்பது அடியேனின் ஐயம். 2024 டிசம்பரில் யுனெஸ்கோ நமது ரொட்டிச் சானாயையும் நாசி லெமாக்கையும் தே தாரேக்கையும் மரபுச் செல்வமாக ஏற்றது மகிழ்ச்சிக்குரியது. மீ கோரிங் அப்பட்டியலில் இடம்பெறவில்லையே என்ற சிறு வருத்தமும் உண்டு.

பெரியவர் இப்போது கடைக்குத் தினமும் வருவதில்லை. அவர் மருமகன்தான் அடுப்படியில் நிற்கிறார். தை பிறந்ததும் மேல்தட்டிலிருந்து ஒரு சிறிய சட்டி கீழே இறங்குகிறது. அதன் கைப்பிடியில் மஞ்சள் துணி சுற்றியிருக்கும். கறி, முட்டை, இறால் எதுவும் அதில் விழுவதில்லை. மஞ்சள் துணி கட்டும் யோசனையை அடியேன் சொல்லவில்லை, பெரியவரே கட்டினார். சென்ற முறை நான் போனபோது மருமகன் என்னைக் கண்டதும் வழக்கமான சட்டியை ஒதுக்கிவிட்டு, “விரதம்தானே, அண்ணே?” என்று கேட்டபடி அதனை அடுப்பில் ஏற்றினார்.