முள்ளில்லாத உறவினன்: மருள்

மொரப்பூர்ப் பகுதியில் கோடைக்காலத்தில் பூந்தோட்டம் வைத்துக் காப்பது எளிதன்று. பங்குனி பிறந்ததும் கிணறு தாழ்ந்துவிடுகிறது. குடிநீரைக் குடம் குடமாக எண்ணிச் செலவிடும் வீட்டில் குரோட்டன்ஸ் செடிக்கு நீர் ஊற்றுவது மனச்சான்றை உறுத்தும். ஆயினும் பசுமை ஏதுமின்றி முற்றம் வெறிச்சோடிக் கிடப்பதும் நன்றன்று.

முதலில் நாம் நாடியது ஆனைக் கற்றாழையை. இருப்புப்பாதை ஓரங்களில் வேலியாக நடப்பட்டமையால் ரயில் கற்றாழை என்றும் அதனை அழைப்பர். (ரயில் என்றதும் மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கு 1906இல் ஓடத் தொடங்கி 1941இல் நின்றுபோன சிறிய ரயில் நம் நினைவுக்கு வருகிறது, அக்கதை வேறு.) மெக்சிகோ நாட்டிலிருந்து வந்த அச்செடி வறட்சியைத் தாங்கும், தோற்றமும் கம்பீரமானது. ஆனால் இலைநுனி முள் ஊசிக்கு ஒப்பானது. மறைக்கல்விக்கு வந்த சிறுவன் ஒருவன் ஓடி விளையாடுகையில் அது அவன் முழங்காலில் ஏறிவிட்டது. அன்று மாலையே அதனை வேரோடு அகற்றினோம்.

அதன் இடத்தில் இன்று நிற்பது மருள். கற்றாழையும் மருளும் இக்காலப் பகுப்பின்படி தண்ணீர்விட்டான் கிழங்கின் குடும்பத்தைச் சேர்ந்தவை. ஆனால் மருள் நம் நாட்டுக்கே உரியது. குத்தும் முள் இல்லாதது. சங்க நூல்களில் வரும் மரல் இதுவே என்பர். மழை பொய்த்த காட்டில் மரையா என்னும் விலங்கு மரலை உண்ணும் காட்சி கலித்தொகையில் உண்டு. இதன் நாரால் முற்காலத்தில் வில்லுக்கு நாண் திரித்தனர். 1793 முதல் கல்கத்தா தாவரத் தோட்டத்தை நடத்திய ராக்ஸ்பர்க் துரையின் பெயரைத் தாவரவியலார் இதற்குச் சூட்டியுள்ளனர்.

வாள்போல் நிமிர்ந்த கரும்பச்சை இலைகளில் வெளிர்நிறப் பட்டைகள் குறுக்கே ஓடும். பெரும்பாலான செடிகள் பகலில் இலைத்துளைகளைத் திறக்கின்றன. மருள் இரவின் குளிர்ச்சியில் திறந்து கரியமில வாயுவை ஏற்றுச் சேமிக்கிறது. வெயிலில் நீர் வீணாகாத இரகசியம் இதுவே.

இதனை அறியாமல், அன்பின் மிகுதியால் நாள்தோறும் நீர் ஊற்றினோம். ஒரு மாதத்தில் அடித்தண்டு அழுகி நாற்றமெடுத்தது! சரளை கலந்த செம்மண்ணில் சற்று மேடாக நட்டு, மண் நன்கு காய்ந்த பின்னரே நீர் விடுதல் வேண்டும். மழைக்காலத்தில் நீர் தேங்கலாகாது.

கன்று உண்டாக்குதல் எளிது. கிழங்கைப் பிரித்து நடலாம். அல்லது இலையை நான்கு விரல் நீளத் துண்டுகளாக வெட்டி, இரண்டு நாள் நிழலில் உலர்த்தி, அடிப்பக்கம் கீழாக மணலில் ஊன்றலாம். தலைகீழாக நட்டால் வேர் விடாது. புதுக்குருத்துக்குச் சில மாதங்கள் பொறுத்திருக்க வேண்டும். கடைகளில் விற்கும் மஞ்சள் கரையுள்ள ஆப்பிரிக்க வகையை இலைத்துண்டால் பெருக்கினால் மஞ்சள் மறைந்து வெறும் பச்சையே வரும். அதற்குக் கிழங்கே வழி.

இவ்வினச் செடி ஒன்று வீட்டுக் காற்றையெல்லாம் தூய்மையாக்கும் என்று விற்போர் கூறுவதை நம்ப வேண்டா. 1989இல் நாசா நடத்திய சோதனை மூடிய சிறு கூண்டுக்குள் நடந்தது. நம் வீடுகளோ காற்று புகும் வீடுகள். ஆடு மாடுகளுக்கும் நாய்க்கும் இதன் சாறு ஒவ்வாது. எட்டாத இடத்தில் வைக்கவும்.

குருமனைப் பின்புறம் கன்றுகள் நிரம்ப உள்ளன. விரும்புவோர் ஞாயிறு திருப்பலி முடிந்தபின் ஒரு பழைய சாக்குடன் வரலாம்.