ஒரு கையால் திறக்கும் மடக்குக் கத்தி: விரல்களைக் காக்கும் பூட்டு இயங்குவது எப்படி?

மீட்புப் பணியாளர் ஒரு கையால் கயிற்றைப் பற்றியிருக்கையில், கத்தியைத் திறக்க மறு கை மட்டுமே எஞ்சும். இத்தேவைக்கு ஏற்ப, அமெரிக்காவின் ஸ்பைடர்கோ நிறுவனம் 1981-ஆம் ஆண்டு அறிமுகப்படுத்திய மடக்குக் கத்தியின் அலகில், கட்டைவிரலால் தள்ளித் திறப்பதற்கான வட்டத் துளை இருந்தது. காற்சட்டைப் பையில் செருகிவைக்க கிளிப்பும் பொருத்தப்பட்டிருந்தது.

எனினும், எளிதில் திறக்கும் கத்தி எளிதில் மூடிக்கொள்ளவும் கூடாது. இதற்காக மைக்கேல் வாக்கர் செம்மைப்படுத்திய 'லைனர் லாக்' முறையில், அலகு முழுமையாக விரிந்ததும் கைப்பிடிக்குள் இருக்கும் வில்தகடு நகர்ந்து, அலகின் அடிப்பகுதிக்கு முட்டுக்கொடுக்கிறது. பின்னர், தென்னாப்பிரிக்காவைச் சேர்ந்த கிறிஸ் ரீவ், கைப்பிடியின் ஒரு பக்கத்தையே பூட்டாக வடிவமைத்தார்.

இந்த முட்டு சரியாகப் பொருந்தாவிட்டால், அழுத்தத்தில் அலகு மடங்கிப் பயன்படுத்துபவரின் விரல்களையே வெட்டிவிடும். எனவே, கூர்மையைவிடப் பூட்டின் உறுதியே முதலில் கவனிக்க வேண்டியதாகும்.