"பொறுத்துக்கொள் பிள்ளை" என்று சொல்லும் வருத்தம்



இம்முறை நாங்கள் வீட்டுக்குள்ளேயே மூடி வைக்கும் ஒரு வருத்தத்தைப் பற்றி எழுதுகிறேன். ஆண்களும் பக்கத்தைப் புரட்டாமல் வாசிக்கவும்.

மாதவிடாய் நாட்களில் நாரி முறிவது போல் நோகிறது என்று ஒரு பெண் சுருண்டு கிடந்தால், "எல்லாருக்கும் உள்ளதுதானே, கலியாணம் முடிஞ்சால் சரியாகும்" என்கிறோம். முடிந்த பிறகு பிள்ளை தங்காவிட்டால் "அவளின் பரம்பரைத் தோஷம்" என்கிறோம். இரண்டு பேச்சும் பிழை.

எண்டோமெற்றியோசிஸ் என்பது கருப்பையின் உட்தோல் போன்ற ஒன்று கருப்பைக்கு வெளியே, சூலகத்திலும் குடலைச் சுற்றியும் வளரும் நோய். உலகில் பிள்ளை பெறும் வயதுப் பெண்களில் பத்துக்கு ஒருவருக்கு, ஏறக்குறைய 19 கோடிப் பேருக்கு, இது இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. மாதவிடாய் இரத்தத்தில் கொஞ்சம் பின்னோக்கி வயிற்றுக்குள் போவதால் இது வருகிறது என்று 1920களில் சாம்சன் என்ற அமெரிக்க வைத்தியர் சொன்னார். ஆனால் பெரும்பாலான பெண்களுக்கு அப்படிப் பின்னோக்கிப் போகிறது. பின் ஏன் சிலருக்கு மட்டும் நோய்?

இங்கேதான் எபிஜெனெற்றிக்ஸ் வருகிறது. நான் உடுப்புத் தைக்கும் தொழிற்சாலையில் வேலை செய்பவள், எனக்கு விளங்கிய விதத்தில் சொல்கிறேன். எல்லா மேசையிலும் ஒரே வெட்டுமாதிரிப் புத்தகம். சட்டை தைக்கும் மேசையில் காற்சட்டைப் பக்கத்தின் மேல் ஒரு தாளை ஒட்டி மூடியிருக்கும். உடலின் கலங்களிலும் மரபணு என்ற ஒரே புத்தகம்தான். எந்தப் பக்கத்தை மூடுவது என்பதை மெதைல் என்ற சிறு குறிகள் காட்டும். புத்தகத்தில் ஓர் எழுத்தும் மாறாமலே, ஒட்டிய தாள் கழன்றால் தைக்கக்கூடாதது தைபடும்.

2007 இல் சிக்காகோவில் சேர்டார் பூலுன் என்பவரின் குழு கண்டது இதைத்தான். ஈஸ்ட்ரோஜன் ஓமோனை ஏற்கும் ஒரு மரபணு, நல்ல கருப்பைத் தோலில் மூடியிருக்கிறது. நோயுற்ற இடத்தில் திறந்திருக்கிறது. அதற்கு முன் 2005 இல், கரு ஒட்டுவதற்குத் தேவையான இன்னொரு மரபணு இந்நோயுள்ள பெண்களில் அளவுக்கு மீறி மூடப்பட்டிருந்ததைக் கண்டார்கள். குறிகள் நோயைத் தொடக்கினவா, நோய் வந்தபின் மாறினவா என்பது இன்னும் முடிவாகவில்லை. ஆனால் நோவு அவளின் கற்பனை அல்ல என்பதற்கு வேறென்ன சாட்சி வேண்டும்?

இந்த விஞ்ஞானத்தில் எங்கள் ஊருக்கும் பங்குண்டு. இல்-பிசாரில் பாலம் கடந்து நகருக்குப் போனால் வரும் மக்கில் பல்கலைக்கழகத்தில், மைக்கல் மீனியும் மொஷே ஷிஃபும் 2004 இல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். தாய் எலி குட்டியை நக்கி வளர்க்கும் விதத்தில் குட்டியின் மூளையில் இக்குறிகள் மாறுவதைக் காட்டினார்கள். இதைக் கேட்டுவிட்டு உடனே தாய்மாரைக் குற்றம் சொல்லப் புறப்பட வேண்டாம். அது எலியின் பயத்தைப் பற்றிய ஆய்வு, கருப்பையைப் பற்றியதல்ல.

பரம்பரைக்கும் பங்கு உண்டு. இரட்டையர் ஆய்வுகள் ஏறக்குறைய பாதி என்கின்றன. ஆகவே தாய்க்கு இருந்தால் மகளுக்குச் சொல்லவேண்டும். சம்பந்தம் குழம்பும் என்று மறைத்தால் அவள்தான் வருடக்கணக்கில் அலைவாள்.

குறிகளைத் திருத்தும் மருந்து இந்நோய்க்கு இன்னும் இல்லை. "மரபணுவைச் சுத்தமாக்கும்" தூள் என்று யாரும் விற்றால் காசைக் கொடுக்காதீர்கள். ஆனால் நோவைக் குறைக்க ஓமோன் குளிசைகள் உண்டு, துளையிட்டுச் செய்யும் சத்திரசிகிச்சை உண்டு. ஸ்கானில் ஒன்றும் தெரியாவிட்டாலும் நோய் இருக்கலாம், அதோடு விட்டுவிடாதீர்கள்.

811 க்கு எந்த நேரமும் அழைத்துத் தாதியுடன் பேசலாம். சி.எல்.எஸ்.சி.க்குப் போகுமுன் எந்தத் திகதி, எங்கே நோ, எத்தனை நாள் வேலை போனது என்று எழுதி வையுங்கள். பிரெஞ்சில் இதற்கு "ஆந்தோமேத்ரியோஸ்" என்று பெயர். மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முன்கூட்டியே கேளுங்கள். பத்து வயது மகனைக் கூட்டிப்போனால் எந்தத் தாய் முழுவதையும் சொல்லுவாள்?